பரிசோதித்தவர் பெயர்

சரவணகுமாருக்கு அன்புச்செல்வியைக் கண்டால் ஆகாது. அன்புச்செல்விக்கும் அவனைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. வேங்கிக்காலில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் வேலை பார்த்த ஆறு பேருக்கும் தெரியும், கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கும் தெரியும். அவன் எக்செல் ஷீட் செய்கிறவன். அவன் செய்ததை வெளியே அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எங்கே தப்பு வருகிறதோ அந்தக் கட்டத்தில் சிவப்பு பூசுவாள். ஒருத்தன் மூன்று மாதம் உட்கார்ந்து செய்ததில் நாற்பத்து மூன்று இடத்தில் சிவப்பைப் பார்த்தால் வயிறு எரியாதா? எரியத்தான் செய்யும். எரியட்டுமே. நாற்பத்து மூன்றும் தப்புதானே.

அதுவரை அந்தக் கம்பெனி செய்ததெல்லாம் பள்ளிக்கூட டைம்டேபிள், கல்யாண மண்டப புக்கிங் மாதிரி சமாச்சாரங்கள். தப்பு வந்தால் ஒரு வாத்தியார் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருப்பார், போன் போட்டுத் திட்டுவார்கள், திருத்திக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இந்த ஷீட் அந்த ரகம் இல்லை. ஒரு தர்ம ஸ்தாபனம் ஜில்லாவில் பதினாலு கிராமத்தில் கிளினிக் நடத்துகிறது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் நர்ஸ்தான் எல்லாம். நர்ஸ் குழந்தையை எடை போட்டு, அந்த எண்ணை ஷீட்டில் அடித்தால், எந்த மருந்து எத்தனை மில்லி என்று ஷீட் சொல்லும். சொன்னதை ஊற்றிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். நடுவில் தட்டிக்கேட்க ஆள் கிடையாது.

அதனால் அந்த ஸ்தாபனம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். அதற்குத் தலைப்பு, 'பரிசோதித்தவர் பெயர்'. அங்கே ஓர் ஆளின் பெயர் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கம்பெனி பெயர் செல்லாது. ஏதாவது ஆகிவிட்டால் முதல் கேள்வி அந்தப் பெயருக்குத்தான். அந்தப் பெயர் அன்புச்செல்வியின் பெயராக இருக்க வேண்டும் என்று முதலாளி இராமலிங்கம் எப்போதோ முடிவுசெய்துவிட்டார். பதினாலு கிளினிக்கில் ஒன்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். அன்புச்செல்வி தன் ஒன்றரை வயது மகள் இனியாவைச் சளி, காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தக் கிளினிக்குக்குத்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கைமாறிவிட வேண்டும் என்று இராமலிங்கம் ஸ்தாபனத்தின் தலைமை நர்ஸ் கீர்த்தனாவை வரச்சொல்லியிருந்தார். இராமலிங்கத்தின் டேபிளில் ஒரு தாம்பாளம் தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்த ஒரு பென்டிரைவ். சோதனை முடியவில்லை, பென்டிரைவுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது.

அன்புச்செல்வி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி, ஒன்பது அஞ்சுக்கு வாசல் மெஷினில் கட்டைவிரல் வைத்தாள். உட்கார்ந்த கையோடு நாற்பத்து மூன்று சிவப்பையும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திருத்தியிருந்தான். பிறகு சோதனைப் பட்டியலை எடுத்தாள். அது சரவணகுமாரே எழுதிக் கொடுத்த பட்டியல். இந்த இந்த எடையை அடி, இந்த இந்த அளவு வர வேண்டும் என்று வரிசையாக இருக்கும். மூன்று கிலோ, பதினொன்று, இருபத்தொன்று, முப்பத்தொன்று, ஐம்பத்தொன்று. மூன்றைத் தவிர எல்லாம் ஒன்றில் முடிகிற எண். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? புது வேலையில் பூஜ்யத்தில் முடிகிற எண்ணை எழுதக்கூடாது என்பது இராமலிங்கத்தின் சட்டம். மொய்க்கவரில் நூறு வைப்பீங்களா, நூத்தியொண்ணு வைப்பீங்களா என்பார். அந்த ஆபீஸில் பிறந்த ஒவ்வொரு ஷீட்டுக்கும் சோதனை எண் இப்படித்தான். அவளுமே கல்யாண வீட்டில் அப்படித்தான் வைக்கிறாள், அதனால் அது அவள் கண்ணை உறுத்தவே இல்லை.

பட்டியல் முழுக்கச் சரியாக வந்தது. அவள் கடைசிப் பக்கத்துக்குப் போயிருப்பாள். ஏனோ ஒரு தாயின் ஆசை. நேற்று கிளினிக்கில் இனியாவை எடை போட்டிருந்தார்கள். நம் பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது பார்ப்போம் என்று அடித்தாள். பத்து.

காய்ச்சல் மருந்து இருபத்தைந்து மில்லி என்றது ஷீட்.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். இருபத்தைந்து. பதினொன்று அடித்தாள், அஞ்சு மில்லி. ஒன்பது அடித்தாள், மூன்று மில்லி. பத்து அடித்தாள், திரும்பவும் இருபத்தைந்து. அது வளர்ந்த ஆம்பளைக்குக் கொடுக்கிற அளவு. பாவி, என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று ஃபார்முலாவைத் திறந்தாள். பத்துக்குக் கம்மி என்றால் மூன்று மில்லி. பத்துக்கு மேல், இருபதுக்குக் கம்மி என்றால் அஞ்சு. அப்புறம் இருபதுக்கு மேல். அப்புறம் முப்பதுக்கு மேல். சரியாகப் பத்து என்றால்? சரியாக இருபது என்றால்? அந்தப் பிள்ளைகள் இந்த அறையிலும் இல்லாமல் அந்த அறையிலும் இல்லாமல் வாசற்படியில் நிற்கும். எந்த வரியிலும் சேராததெல்லாம் கடைசி வரியில் போய் விழும். கடைசி வரி, பெரியவர்களுக்கான அளவு. இருபது அடித்தாள், இருபத்தைந்து மில்லி வந்தது. முப்பதுக்கும் அதுவே.

நேராக சரவணகுமார் சீட்டுக்குப் போனாள்.

"பத்து கிலோ போட்டா பெரியவங்க டோஸ் வருது."

அவன் திரும்பவில்லை. "லிஸ்ட்ல பத்து இல்லையே."

"லிஸ்ட்ல இல்ல. ஊர்ல இருக்குது."

"எந்தக் கொழந்தைங்க கரெக்டா பத்து கிலோ இருக்கும்? ஒன்பது புள்ளி எட்டு இருக்கும், பத்து புள்ளி மூணு இருக்கும். வேணும்னே தேடித் தேடி எடுக்கிறீங்க."

"அந்த கிளினிக் மெஷின்ல புள்ளியே கெடையாது. முள்ளு தராசு. நர்ஸுங்க பாத்து பத்துன்னு எழுதுவாங்க, பன்னெண்டுன்னு எழுதுவாங்க. என் பொண்ணு கார்டைக் காட்டட்டுமா?"

"ஓ, உங்க பொண்ணு." அவன் இப்போது திரும்பினான். சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியாது. "டேட்டா என்ட்ரிக்கு வந்தவங்களை டெஸ்டிங்ல போட்டா இப்படித்தான். நாலு நாளு முன்னாடி கண்டுபிடிச்சிருக்கணும் மேடம். இன்னிக்கி, சிஸ்டர் வர்ற நேரத்துல, வந்து நிக்கிறீங்க. என்னை அசிங்கப்படுத்தணும், அதானே?"

"நாலு நாளு முன்னாடி எனக்கு நீங்க ஃபைலே தரலை."

"சரி, போங்க. பார்க்கிறேன்."

இவன் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இராமலிங்கத்தின் அறைக்குப் போனாள். அவர் தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். அவள் வாசற்படி விஷயத்தை நிதானமாகச் சொன்னாள். அவர் கேட்டார், ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது.

"எத்தினி எடத்துல மாத்தணும்?"

"பதினேழு மருந்து சார். பதினேழுலயும் இதே ஃபார்முலாதான். மாத்தி, நான் மறுபடி பாக்க ரெண்டு நாளு வேணும்."

"ரெண்டு நாளா? திங்கக்கெழம அஷ்டமி, செவ்வாக்கெழம நவமி. இன்னிக்கி விட்டா அடுத்த வாரம் தாண்டிப்புடும்மா."

"சார், கொழந்தைங்க வாயில ஊத்துற மருந்து."

"தெரியுதும்மா. நான் என்ன வெஷமா விக்கிறேன்?" அவர் குரல் தடித்தது. "மொதல்ல நாப்பத்து மூணுன்னே. சரின்னு கேட்டுக்கினேன். இப்போ இன்னொண்ணு. உனக்கு அவன் மேல காண்டுன்னு ஆபீஸே சொல்லுது. அதை என் தலையில கட்டாத."

அவளுக்கு முகம் சிவந்தது. அவன் மேல் கோபம் இருப்பது உண்மை. அதை மறுக்க அவள் தயாராக இல்லை. ஆனால் பத்து கிலோவுக்கு இருபத்தைந்து மில்லி வருவதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடாதா? இதை அவரிடம் சொல்லி விளங்கவைப்பதற்குள் சரவணகுமார் கதவில் எட்டிப் பார்த்தான்.

"பத்து சரி பண்ணிட்டேன் சார். இப்ப அஞ்சு மில்லிதான் வருது."

"கால் மணி நேரத்துலயா? பதினேழுலயுமா?" என்றாள்.

"சரி பண்ணிட்டேன்னு சொல்றேன்ல."

"இருபது? முப்பது?"

அவன் கதவை விட்டு நகர்ந்து தன் சீட்டுக்குப் போய்விட்டான். அவள் தன் சீட்டுக்கு ஓடி ஃபைலைத் திறந்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. பூட்டிவிட்டான். எந்த எண்ணையும் அடிக்க முடியாது, பார்க்க மட்டும் முடியும். பார்க்க முடிந்ததைப் பார்ப்போம் என்று கடைசிப் பக்கத்துக்குப் போனாள். போனவளுக்கு ரத்தம் கொதித்தது.

பரிசோதித்தவர் பெயர்: மு. அன்புச்செல்வி. தேதி இன்றைய தேதி. நேரம், காலை எட்டு நாற்பத்தொன்று. நேரத்தைக்கூட ஒன்றில் முடித்திருந்தான்.

எட்டு நாற்பத்தொன்றுக்கு அவள் பஸ்ஸில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கணினியைத் தொடும் முன்பே, எதையும் சோதிக்கும் முன்பே, அவள் சோதித்துவிட்டாள் என்று எழுதியாகிவிட்டது. எவ்வளவு திண்ணக்கம் இருந்தால் இதைச் செய்வான். அவள் எழுந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீர்த்தனா வந்துவிட்டாள்.

கீர்த்தனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாதவள். தோளில் ஒரு பை, கையில் நோட்டு. இராமலிங்கம் அவளை உட்காரவைத்து, லேப்டாப்பைத் திருப்பி வைத்து, "நீங்களே மொத எண்ணைப் போடுங்க சிஸ்டர், நல்ல நேரம்" என்றார். சரவணகுமார் பக்கத்தில் நின்று பூட்டைத் திறந்துவிட்டான். மற்றவர்கள் கதவருகே கூடினார்கள்.

கீர்த்தனா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அடித்தாள், பதினொன்று. நல்ல நாளும் அதுவுமாக அவள் வேறு எதை அடிப்பாள்? அஞ்சு மில்லி என்று வந்தது. நோட்டைப் பார்த்துச் சரி என்றாள். ஐம்பத்தொன்று அடித்தாள். அதுவும் சரி. இராமலிங்கம் முகம் மலர்ந்து தாம்பாளத்தை நோக்கிக் கை நீட்டினார்.

"சிஸ்டர், பத்து போடுங்க" என்றாள் அன்புச்செல்வி.

இராமலிங்கம் அவளை முறைத்த முறைப்பில் இன்னொருத்தியாக இருந்தால் வாயை மூடியிருப்பாள். கீர்த்தனா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பத்து அடித்தாள்.

அஞ்சு மில்லி.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சரவணகுமார் கையைக் கட்டிக்கொண்டான். "இதுக்குத்தான் சார் காலையிலேர்ந்து ஆட்டம் ஆடினாங்க" என்றான்.

அன்புச்செல்விக்குப் புரிந்துவிட்டது. பத்து வந்தால் அஞ்சு என்று மட்டும் முன்னால் ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறான். கிழிந்த இடமெல்லாம் அப்படியே இருக்கிறது, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மட்டும் ஒட்டு.

"இருபது போடுங்க சிஸ்டர்."

"அப்புறம் முப்பதும்பாங்க," என்றான் சரவணகுமார். "அப்புறம் நாப்பதும்பாங்க. இவங்க வேலையே அதுதான் சிஸ்டர். ஒண்ணை வெளிய அனுப்பிட்டா இவங்களுக்குத் தூக்கம் வராது."

"போதும்" என்று இராமலிங்கம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பத்துன்னே, பத்து சரியா வருது. வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்காத அன்பு. வாயை மூடிக்கினு நில்லு, இல்லன்னா வெளிய போ. மணி பத்து பத்து."

வெளியே போ. மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் அவளை அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் அதைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. துடைத்தால் அவன் பார்ப்பான். கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் காண்டு என்பார்கள். இருபதைப் பற்றி இனி என்ன சொன்னாலும் அந்த அறையில் ஏறாது என்று தெரிந்தது. தன்னுடையது என்று அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

"போறேன் சார். என் பேரை எடுத்துட்டுப் போறேன்."

"என்ன பேரு?"

"கடைசிப் பக்கத்துல என் பேரு இருக்குது. எட்டு நாப்பத்தொண்ணுக்கு நான் பரிசோதிச்சேன்னு இருக்குது. வாசல் மெஷின்ல என் ரேகை ஒன்பது அஞ்சுக்கு விழுந்திருக்குது. எட்டு நாப்பத்தொண்ணுக்கு நான் பஸ்ல நின்னுக்கினு வந்தேன். நான் போடாத பேரு அது. எடுக்கச் சொல்லுங்க."

கீர்த்தனா நோட்டை மூடி மடியில் வைத்தாள். முதல் தடவையாக அன்புச்செல்வியை நன்றாகப் பார்த்தாள். "அது நீங்க போட்டது இல்லையா?"

"இல்ல சிஸ்டர்."

இராமலிங்கம் சரவணகுமாரைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். "ஃபார்மாலிட்டி சார். டைம் இல்லன்னு முன்னாடியே போட்டு வெச்சேன். எடுக்கணும்னா எடுத்துட்டாப் போச்சு. இவங்க பேரு இல்லாம ஷீட்டு ஓடாதா?"

லேப்டாப்பை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். எல்லாரும் பார்க்க ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தான். வேண்டுமென்றே மெதுவாக அழித்தான். அவள் நகராமல் நின்று கடைசி எழுத்து போகும்வரை பார்த்தாள். கட்டம் வெள்ளையானது.

"இப்ப சந்தோஷமா?" என்றான்.

அவள் பையை எடுக்கத் திரும்பினாள். அப்போது கீர்த்தனா கேட்டாள்.

"அப்ப அங்க யார் பேரு வரும்?"

"கம்பெனி பேரைப் போட்டுக்கலாம் சிஸ்டர்" என்றார் இராமலிங்கம்.

"ஆள் பேரு இருக்கணும் சார். பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவள் குரலில் கோபமும் இல்லை, தயவும் இல்லை. சரவணகுமார் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே பண்ணீங்க? எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றீங்க. உங்க பேரையே போடுங்க தம்பி. நான் இப்பவே எடுத்துக்கினு போறேன். இன்னிக்கி சாயந்திரமே பதினாலு எடத்துலயும் ஏத்திடுவோம்."

"போடுப்பா" என்றார் இராமலிங்கம். "மணி பத்து பதினாலு."

சரவணகுமார் விரலைக் கீபோர்டில் வைத்தான். அவன் பெயரில் அப்படி ஒன்றும் நிறைய எழுத்து இல்லை. 'ச' என்று அடித்தான். நின்றான். திரையையே பார்த்தான். காதோரம் வியர்வை இறங்கியது, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"போடேன்டா" என்றார் இராமலிங்கம். இப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

அவன் அடித்த ஓர் எழுத்தையும் அழித்தான்.

"இல்ல சார். அந்த இருபது முப்பதை மட்டும் ஒரு தடவை பாத்துட்டா..."

இராமலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னொருத்தி பெயரில் பதினாலு ஊருக்கு அனுப்பத் துணிந்தவன், தன் பெயரில் ஒரே ஓர் ஊருக்கு அனுப்பப் பயந்து நின்றதை அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கீர்த்தனா கையை நீட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். இருபது அடித்தாள். இருபத்தைந்து மில்லி என்று வந்தது.

"இருபதுன்னா ஆறு வயசுப் புள்ளைங்க" என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். தாம்பாளத்தை அவள் தொடவில்லை. கதவருகே நின்று, "ரெண்டு நாளோ பத்து நாளோ, எடுத்துக்குங்க. அந்தம்மா தன் கையால பேரு போட்டாத்தான் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பத்தரை ஆகிவிட்டிருந்தது. இராமலிங்கம் அன்புச்செல்வியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். போ என்ற வாயால் இரு என்று சொல்ல வரவில்லை போல. தாம்பாளத்தை எடுத்து ஓரமாக வைத்தார். அவள் அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. பையை எடுக்கப் போகாமல், தன் சீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்த சரவணகுமார் பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் தலை நிமிரவில்லை. "ஜெயிச்சுட்டீங்க. திருப்திதானே?" என்றான்.

"முப்பது இன்னும் பாக்கலை" என்றாள் அன்புச்செல்வி. "எழுந்திரு."